உடுப்பது யாருக்காக?

(திருநெல்வேலிச் சீமையில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதல்ல, புராணத்தைப் பற்றியதல்ல, எலெக்ஷனைப் பற்றியதுமல்ல. நீங்கள் இப்போது உடம்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த வேட்டி, சட்டை, துண்டு, சேலை, ரவிக்கை, கையில் கட்டிய கயிறு ஆகியவற்றைப் பற்றியதேயாகும். "இதற்கு ஒரு கூட்டமா? துணியைப் பற்றிப் பேச ஜவுளிக்கடைக்காரர் போதாதா?" என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். தாராளமாய்ச் சிரிக்கலாம். ஆனால் ஒரு மனிதன் காலையில் எழுந்து சாமி கும்பிட மறந்தாலும் மறப்பான், துணி உடுத்த மறக்கமாட்டான். தினமும் தவறாமல் செய்கிற காரியம் எதுவோ, அதை ஏன் செய்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. கேள்வி இல்லாத இடத்தில்தான் ஜாதியும் மூடவழக்கமும் சௌகரியமாய் உட்கார்ந்து கொள்கின்றன. ஆதலால்தான் இந்தப் பேச்சு அவசியமென்று கருதுகிறோம்.

நாம் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவரல்ல. கிடைத்த புத்தகத்தைப் படித்தும், கண்ணால் கண்டதை யோசித்தும் தெரிந்துகொண்டதையே சொல்லுகிறோம். நாம் சொல்லுவதால் நம்ப வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

துணிக்கு என்ன வேலை?

முதலில் துணி எதற்காக என்று பார்ப்போம். வெயில், மழை, குளிர், கொசு இவற்றிலிருந்து உடம்பைக் காப்பது ஒரு வேலை. மறைக்க வேண்டியதை மறைப்பது இரண்டாவது வேலை. பார்ப்பதற்கு நன்றாக இருப்பது மூன்றாவது வேலை. இந்த மூன்றையும் நாம் ஆட்சேபிக்கவில்லை. அழகாய் உடுத்துவது தப்பு என்று சொல்லுகிற சந்நியாசி வர்க்கத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம்.

உழைக்கிறவன் உடுப்பைப் பாருங்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கும். அம்பாசமுத்திரத்திலும் சேரன்மாதேவியிலும் வயலில் நடவு நடுகிற பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகுகிறார்கள், சேற்றில் நனையாமல் இருக்க. சுமை தூக்குகிறவன் தலையில் சும்மாடு வைக்கிறான், மண்டை நோகாமல் இருக்க. பனையேறுகிறவன் காலில் தளைநார் போடுகிறான், வழுக்கி விழாமல் இருக்க. "ஏன்?" என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. "எங்கள் சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்றோ, "ஆதிகாலந்தொட்டு வழக்கம்" என்றோ அவன் சொல்லுவதில்லை. பதிலுக்குச் சாஸ்திரம் தேவைப்படுகிற உடுப்பில்தான் நமக்குச் சந்தேகம் வர வேண்டும்.

ஏனென்றால் இந்த நாட்டில் துணிக்கு நான்காவதாக ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள். இவன் இன்ன ஜாதி, இவள் இன்ன தெரு என்று எட்டத்திலிருந்தே காட்டிக்கொடுக்கிற வேலை அது. மற்ற மூன்று வேலையையும் விட இதைத்தான் மேல்ஜாதிக்காரர்கள் பெரிதாக நினைத்தார்கள். வெயிலில் ஒருவன் வெந்தால் அவர்களுக்குக் கவலையில்லை. ஒரு பெண்ணுக்கு மானம் போனாலும் கவலையில்லை. அவன் யார் என்பது தெரியாமல் போய்விடக்கூடாது என்பதுதான் கவலை.

பருத்திக்கு இது தெரியுமா? தறிக்குத் தெரியுமா? 1885-ஆம் ஆண்டு ஆர்வி கம்பெனியார் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டு நூலாலை நடத்த ஆரம்பித்தார்களே, அந்த ஆற்றுத் தண்ணீர் எந்த ஜாதிக்காரன் முதுகுக்கு நூல் நூற்கிறோம் என்று கேட்டுக்கொண்டா ஓடிற்று? மேலப்பாளையத்திலும் வீரவநல்லூரிலும் தறியில் உட்கார்ந்து நெய்தவர், இது யார் இடுப்புக்குப் போகும் என்று பார்த்தா நெய்தார்? துணி கடையை விட்டு வெளியே வருகிற வரையில் அதற்கு ஜாதி இல்லை. அதற்குப் பிறகு மனிதன் கொடுத்ததே ஜாதி.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால்

இது கற்பனையல்ல என்பதற்கு அத்தாட்சி வெகு தூரத்தில் இல்லை. இங்கிருந்து நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை போய்வாருங்கள். இன்று கன்னியாகுமரி ஜில்லாவாக இருக்கிற அந்தப் பக்கம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம்மோடு சேர்ந்தது. அதற்கு முன் அது திருவாங்கூர் சமஸ்தானம். அந்த ராஜ்யத்தில் நாடார் சமூகத்துப் பெண்கள் - அன்று சாணார் என்று அழைத்தார்கள் - இடுப்புக்கு மேலே துணி போடக்கூடாது என்பது வழக்கம். இன்னும் பல கீழ்ஜாதிகளுக்கும் அதே கதிதான். மேல்ஜாதிக்காரன் எதிரே வந்தால் மார்பைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பதற்கு அங்கே மரியாதை என்று பெயர்! குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பொன் நகை போடக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது என்றும் விதிகள் இருந்தன. குடத்தை எங்கே வைத்துக்கொண்டு நடப்பது என்பதற்குக்கூட ஒரு சாஸ்திரம் வைத்திருந்த தேசம் நம் தேசம்!

கணவாய்க்கு இப்பால் கும்பினி ஆட்சி, அப்பால் மகாராஜா ஆட்சி. அதே ஜனங்கள், அதே பனைமரம், அதே வெயில். திருவாங்கூர் சர்க்காரின் உத்தரவு கணவாயோடு நின்றுவிட்டது. ஒரு கல் தொலைவு நடந்தால் மாறிவிடுகிற மானம் என்ன மானம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு பாதிரிமார்கள் வந்தார்கள். கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று 1814-இல் திருவாங்கூர் சர்க்கார் உத்தரவு போட்டது. அப்போது அங்கே ஆங்கிலேய ரெசிடெண்டாய் இருந்தவர் கர்னல் மன்றோ. இதைக் கவனியுங்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்கா, தங்கை இரண்டு பேர். அக்காள் சாமியை மாற்றிக்கொண்டாள், அவள் உடம்பை மூடலாம். தங்கை பழைய சாமியையே கும்பிட்டாள், அவள் மூடக்கூடாது! உடம்பு ஒன்றுதான், வெட்கம் ஒன்றுதான். சாமி மாறினால் சட்டம் மாறுகிறது. இதைவிடப் பெரிய வேடிக்கை வேண்டுமா?

அந்தப் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. மேல்ஜாதிப் பெண்கள் போடுவதுபோல் தோளின் மேல் சேலையும் போட்டுக்கொண்டார்கள். உடனே கலகம் மூண்டது. 1822-இலும், மறுபடி 1827-க்குப் பிறகும், கடைசியாய் 1858, 1859 ஆண்டுகளிலும் சந்தையிலும் சாலையிலும் பெண்களை வழிமறித்து, போட்டிருந்த துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். 1829 பிப்ரவரி 3-ஆம் தேதி சமஸ்தானம் விளம்பரம் போட்டது. கலகம் செய்தவர்களை அடக்குவதற்கா? இல்லை. நாடார் பெண்கள் தோள்சீலை போடக்கூடாது, கிறிஸ்தவர்களானவர்கள் சட்டை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று!

முப்பது வருஷம் கழித்து, சென்னைக் கவர்னர் டிரவிலியனுடைய நெருக்கடியும் சேர்ந்த பிறகு, 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா வேறொரு விளம்பரம் வெளியிட்டார். நாடார் பெண்கள், எந்த மதத்தவரானாலும், சட்டை போட்டுக்கொள்ளலாம், அல்லது மீனவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டி மார்பை மூடிக்கொள்ளலாம் என்றார். ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் போடக்கூடாது என்று ஒரு வாலையும் சேர்த்தார்.

அந்த வாலில்தான் முழு உண்மையும் வெளியாகிறது. மானந்தான் பிரச்சினையென்றால், எப்படி மூடினால் என்ன? மூடினால் போதாதா? அவர்களுக்கு அவள் மூடுவதும் திறப்பதும் கணக்கில்லை, தன் வீட்டுப் பெண்ணைப்போல் அவள் தெரியக்கூடாது என்பதே கணக்கு. இத்தனை வருஷம் அடிபட்டுக் கிழிபட்டு நின்றவர்கள் படித்த பெரிய மனிதர்களல்ல, சந்தைக்குக் கருப்பட்டி கொண்டுபோன பெண்கள். தங்கள் பாட்டிமார்கள் அவர்களே என்பது இங்கு உட்கார்ந்திருக்கிற பல தோழர்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ! தெரியவிடாமல் செய்வதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மத்திய பள்ளிக்கல்வி வாரியத்தின் ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் பாடத்தில் இந்தப் போராட்டத்தைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. அதைப் படிக்க வேண்டாம், அதிலிருந்து பரீட்சையில் கேள்வியும் வராது என்று 2016 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டார்கள். கிழித்தது கெட்ட பெயராகிவிடும் என்று பயந்தார்களே தவிர, கிழிபட்டவர்களின் பேரப் பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று நினைக்கவில்லை.

அதே சீமையில் சாமித்தோப்பில் வைகுண்டர் என்பவர் இருந்தார். 1851-இல் காலமானார். அவரைத் தெய்வமென்று கும்பிடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். நமக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த ஜனங்களை அவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அந்த ஒரு முழத் துணி செய்த வேலையை ஆயிரம் பூசை செய்திருக்காது. ஆதலால் அவருடைய அந்தக் காரியத்தைப் பாராட்டுகிறோம்.

துறந்தவரும் தடுக்கப்பட்டவரும்

இது மகாராஜா காலத்துப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, நமக்குப் பக்கத்து மதுரையில், காந்தியார் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு இடுப்புத் துணியோடு நின்றார். ஏழைகளுக்கு அதற்கு மேல் துணி இல்லை, ஆகவே தமக்கும் வேண்டாம் என்றார். அவர் எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் என்ன நடந்தது? ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கட்டக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமயிரைக் கிராப்பு வெட்டக்கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. மறு வருஷம் தடைகள் பதினொன்றாய் வளர்ந்தன. 1931-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கை நடத்திய ஹட்டன் துரையே தம் புத்தகத்தில் இந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறார்.

சட்டை இருந்தவர் அதைக் கழற்றினார், மகாத்மா என்றார்கள். சட்டை இல்லாதவன் ஒன்று வாங்கிப் போட்டான், அடித்தார்கள். இரண்டு பேர் உடம்பிலும் இருந்தது ஒரே முழத் துணிதான். ஆனால் ஒருவருக்கு அது இஷ்டம், மற்றவனுக்கு அது கட்டளை. துணியில் இல்லை வித்தியாசம், தீர்மானித்தவர் யார் என்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், சில தோழர்களுக்குக் கசப்பாய் இருந்தாலும் இருக்கட்டும். அந்த எட்டுத் தடைகளைப் போட்டவர்கள் பார்ப்பனர்களல்ல, நம்மவர்களே! தனக்கு மேலே இருக்கிறவன் சமமாய் நடத்த வேண்டும் என்று கேட்டுவிட்டு, தனக்குக் கீழே என்று நினைக்கிறவன் சட்டை போட்டால் பொறுக்காதவனுக்குச் சுயமரியாதை என்கிற சொல்லை உச்சரிக்க யோக்கியதை கிடையாது. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டு என்றும், செருப்பைக் கையில் தூக்கு என்றும் சொன்னவர்கள் ஒரு ஜாதி மட்டுமா? ஒவ்வொருவரும் அவரவர் தெருவைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

காதும் வெள்ளைச் சேலையும்

தாய்மார்களே! உங்கள் காரியத்துக்கு வருகிறோம். நம் பக்கத்துக் கிழவிகள் பாம்படம் போட்டிருந்ததை நடுவயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிறு பிள்ளையிலேயே காதைக் குத்தி, ஓலைச் சுருளும் குணுக்கும் போட்டுத் தோள்வரை வளர்த்து, அதில் கனமான நகையைத் தொங்கவிட்டார்கள். அன்று, "காது வளர்க்காத பெண்ணை யார் கட்டுவான்?" என்றார்கள். பிறகு என்னவாயிற்று? பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள், வழக்கம் ஒழிந்தது. வானம் இடிந்து விழுந்ததா? தாமிரபரணி வற்றிப்போயிற்றா? கலியாணம் நின்றுபோயிற்றா? ஒன்றும் இல்லை. எந்த வழக்கத்தையும் "இது போனால் எல்லாம் போய்விடும்" என்று யாராவது சொன்னால், அந்தப் பாம்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

விதவைக்கு வெள்ளைச் சேலை என்பதும், ரவிக்கை கூடாது என்பதும், பூவும் பொட்டும் கூடாது என்பதும் இதே ரகந்தான். மனைவி செத்தால் புருஷன் எந்த வேட்டியைக் கழற்றினான்? அவனுக்கு அடையாளம் ஏதாவது உண்டா? கிடையாது. ஏனென்றால் அவன் மறு கலியாணத்துக்குத் தயார். பெண்ணுக்கு மட்டும் தூரத்திலிருந்தே தெரியும்படி அடையாளம் போட்டு, நல்ல காரியத்துக்கு எதிரே வராதே என்று ஒதுக்கினார்கள். இன்று பட்டணங்களில் இது தளர்ந்திருக்கிறது. ஆனால் கிராமத்தில் கலியாணப் பந்தலில் ஓர் ஓரமாய் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

சட்டையைக் கழற்று!

நம் திருச்செந்தூர்க் கோயிலிலும் சுசீந்திரத்திலும் உள்ளே போகிற ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஏன் என்று கேட்டால், ஏதோ சக்தி உடம்பில் பாய்கிறது என்று இக்காலத்தில் விஞ்ஞானம் பேசுகிறார்கள். சக்தி பெண்களின் ரவிக்கைக்குள் பாயும்போது ஆண்களின் சட்டைக்குள் பாயாதா? 2024 டிசம்பர் கடைசியில், நாராயண குரு ஸ்தாபித்த சிவகிரி மடத்தின் தலைவர் சச்சிதானந்த சுவாமியே இதை ஒழிக்க வேண்டும் என்று பேசினார். உள்ளே வருகிறவனுக்குப் பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது என்றார். இதைச் சொன்னவர் நாஸ்திகரல்ல, காவி கட்டிய சந்நியாசி! கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது வேறு விஷயம். போகிற தோழர்கள், தங்கள் சட்டையைக் கழற்றச் சொல்லுவது எதைப் பார்ப்பதற்காக என்றாவது கேட்டுக்கொண்டு போகலாம்.

மணிக்கட்டில் கட்டிய ஜாதி

இவ்வளவும் சொன்னது முக்கியமான ஒரு விஷயத்துக்கு வருவதற்காகத்தான்.

நம் ஜில்லாவில் பள்ளிக்கூடப் பையன்களின் கையைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு. சில பையன்களுக்கு அது கோயில் கயிறாக இருக்கலாம். ஆனால் நிறத்துக்கு ஒரு ஜாதி என்று பங்கு போட்டுக் கட்டுகிறார்கள் என்பது இங்குள்ள வாத்தியார்களுக்குத் தெரியும், தகப்பன்மார்களுக்கும் தெரியும். ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும், மேலத்தெருப் பிள்ளைக்கும் கீழத்தெருப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்றுதான் சர்க்கார் செலவழித்துச் சீருடை கொடுக்கிறது. அந்தச் சீருடை மூடாத இடம் மணிக்கட்டு ஒன்றுதான். ஜாதி அந்த இரண்டங்குல இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று 2019 ஜூலை 31-ஆம் தேதி பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். மதத்தின் பேரால் கூச்சல் கிளம்பியது. பழைய நிலையே நீடிக்கும் என்று மந்திரி சொல்லிவிட்டார். நான்கு வருஷம் போயிற்று. 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஓர் ஆதிதிராவிடப் பையனை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அவன் செய்த குற்றம், தன்னைத் துன்பப்படுத்துகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது! வெட்டியவர்களுக்கு வயது என்ன? மீசை முளைக்காத வயது. அந்தக் கைக்கு அரிவாள் எங்கிருந்து வந்தது? கயிறு மட்டுமே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், "நீ வேறு, அவன் வேறு" என்று தினமும் காலையில் பார்த்துப் பார்த்துப் பழகுவதற்கு ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அந்த வேலையைக் கயிறு செய்கிறது.

அந்தக் கொடுமைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஹைக்கோர்ட் ஜட்ஜ் சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி இவைகளைப் பள்ளிக்கூடத்தில் தடுக்க வேண்டும் என்பதும் அதிலுள்ள சிபாரிசுகளில் ஒன்று. அதற்கும் எதிர்ப்புக் கிளம்பியது.

தோழர்களே! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று நம் பாட்டி, தன் ஜாதி வெளியே தெரியும்படி நிறுத்தப்பட்டாள். அதை மறைப்பதற்கு ஒரு துண்டுத் துணி கேட்டு நாற்பத்தைந்து வருஷம் அடிபட்டாள். இன்று பேரன், தன் ஜாதி எங்கே தெரியாமல் போய்விடுமோ என்று கடையில் காசு கொடுத்துக் கயிறு வாங்கிக் கட்டிக்கொள்கிறான்! அவளுக்கு ராஜா போட்ட அடையாளம், இவன் தானே போட்டுக்கொண்ட அடையாளம். பார்ப்பான் பூணூல் போடுகிறானே என்று மேடை மேடையாய்க் கண்டித்தோமே, இது என்ன? தோளிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி வந்த பூணூல்தானே! அவர் பூணூலாவது சட்டைக்குள்ளே கிடக்கிறது.

வந்த கேள்விகள்

மேடைக்குச் சில சீட்டுகள் வந்திருக்கின்றன.

"என் கை, என் கயிறு. உடுப்பதில் சுதந்திரம் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டு, கட்டாதே என்பது நியாயமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி. நாம் அந்தக் கையைப் பிடித்துக் கயிற்றை அறுக்க வரவில்லை. பெண்ணின் சேலையைச் சந்தையில் பிடித்து இழுத்தவர்களைக் கண்டித்த நாம், பையனின் கையைத் தெருவில் பிடித்து முறுக்க மாட்டோம். பள்ளிக்கூடம் தன் வாசலுக்குள் ஒரு விதி போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் விதியினால் கழற்றிய கயிறு பையில் இருக்கும், மாலையில் மறுபடி கைக்கு வரும். தானாக யோசித்துக் கழற்றினால்தான் திரும்பி வராது. அதற்காகவே இந்தப் பேச்சு. அது சுதந்திரந்தானா என்றும் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். உன் தெருக் கூட்டாளிகள் எல்லாரும் கட்டியிருக்கும்போது நீ ஒருவன் மட்டும் கட்டாமல் ஒரு வாரம் போய் வா. உன்னை ஒன்றும் சொல்லாவிட்டால் அது உன் இஷ்டம். "ஏன்டா கழற்றினாய்?" என்று மிரட்டினால், நீ கட்டியிருந்தது கயிறல்ல, விலங்கு.

"நீங்கள் மட்டும் கறுப்புச் சட்டை போடலாமா? அதுவும் அடையாளந்தானே?" என்று இன்னொரு சீட்டு. அடையாளந்தான், சந்தேகமில்லை. 1945-இல் கறுப்புச் சட்டைப் படை ஏற்பட்டது. இழிவு நீங்கும் வரை துக்கம் என்று போட்டது அது. 1948-இல் சர்க்கார் அந்தப் படைக்குத் தடை போட்டது. வித்தியாசம் என்னவென்றால், கறுப்புச் சட்டையை எந்தத் தெருவில் பிறந்தவனும் போடலாம், வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிட்டு வேறு கட்சிக்கும் போகலாம், போகிறவர்களையும் பார்த்திருக்கிறோம்! உங்கள் கயிற்றை அடுத்த தெருப் பையன் கட்ட முடியுமா? கட்டினால் விடுவீர்களா? கருத்தினால் போடுகிறது ஒன்று, பிறப்பினால் போடுகிறது மற்றொன்று. ஆனால், கருத்து இல்லாமல் வெறும் பழக்கத்தினால் கறுப்புச் சட்டை போடுகிறவன் இருந்தால், அவனுக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். வீட்டில் ஜாதி பார்த்துப் பெண் கொடுத்துவிட்டு மேடையில் கறுப்புச் சட்டை போடுவது வேஷமேயாகும்.

"அப்படியானால் கோட்டு, சூட்டு எல்லாம் போடலாமா?" என்பது மூன்றாவது சீட்டு. தாராளமாய்ப் போடுங்கள். சித்திரை மாத வெயிலில் பாளையங்கோட்டைக் கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து ஊற்றுவதைப் பார்த்திருக்கிறோம். ஏன் போட்டீர் என்று கேட்டால், போட்டோவுக்கு என்றார். அது வெறும் அசட்டுத்தனம், அதனால் அடுத்தவனுக்குக் கெடுதி இல்லை. வேர்ப்பது அவர், துடைத்துக்கொள்வதும் அவரே. நம் சண்டை அசட்டுத்தனத்தோடு அல்ல, ஒருவனைத் தாழ்த்துகிற அடையாளத்தோடு.

முடிவாக

ஆகவே நாம் உங்களைக் கேட்டுக்கொள்வது பெரிய தியாகம் ஒன்றுமல்ல. செலவும் கிடையாது. நாளைக் காலையில் உடுத்தும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். இது வெயிலுக்கும் குளிருக்கும் உதவுகிறதா? மானத்தைக் காக்கிறதா? என் கண்ணுக்கு அழகாய் இருக்கிறதா? இவை மூன்றும் இல்லையென்றால், இது யாருக்கு எதைச் சொல்லுவதற்காக என் உடம்பில் இருக்கிறது? முதல் மூன்றில் ஒன்றுக்கு ஆமென்று பதில் வந்தால் சந்தோஷமாய்ப் போட்டுக்கொள்ளுங்கள். நான்காவது கேள்விக்கு ஜாதி என்று பதில் வந்தால், அதைக் கழற்றுவதற்கு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காதீர்கள்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்கள் பிள்ளை தூங்கும்போது கயிற்றை அறுத்துவிடாதீர்கள். விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, தோள்சீலைக்காக அடிபட்ட பெண்களின் கதையைச் சொல்லுங்கள். நாங்குநேரிப் பையனுடைய கதையையும் சொல்லுங்கள். பாடப்புத்தகம் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை அவன் கையிலேயே கொடுங்கள். அவன் யோசிக்கட்டும். நம் பிள்ளைகளுடைய அறிவில் நமக்கு நம்பிக்கை இருக்கிறது.